கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

மூன்றாவது மாடியில், படிக்கட்டுக்கு நேர் எதிரே இருக்கிற வீடு. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை அந்த வீட்டில் பேச்சு ஓய்வதே இல்லை. ஆனால் கதவில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாலும் வெளியே இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. எல்லாப் பேச்சும் அவளுடைய ஹெட்போனுக்குள்ளேயே நடந்து, அங்கேயே முடிந்துவிடும்.

டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அதைக் கேட்டு டைப் அடித்து, ஆஸ்பத்திரி ஆவணமாக்கித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. மேஜைக்கு அடியில் ஒரு பெடல். வலது காலால் மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும். இடது காலால் ஓரத்தைத் தட்டினால் இரண்டு விநாடி பின்னால் போகும். கை எழுதிக்கொண்டிருக்க, கால் குரலைப் பிடித்து வைத்திருக்கும். தையல்காரர்களை விட்டால் இப்படிக் காலால் பிழைப்பவள் தான் ஒருத்திதான் என்று ஒருமுறை தங்கையிடம் போனில் சொன்னாள். "ஏன், ஃபுட்பால் ஆடறவன்லாம் கையாலயா பிழைக்கிறான்?" என்று தங்கை சிரித்தாள். தங்கை வேறு தேசத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவாள்.

வேலை கொடுக்கிற கம்பெனியில் அவளுக்குப் பெயர் கிடையாது. எழுபத்தொன்று. முதல் எட்டு வருஷம் அலுவலகத்தில், பிறகு பதினான்கு வருஷம் வீட்டில், ஆக இருபத்திரண்டு வருஷமாக அவள் எழுபத்தொன்றுதான். டாக்டர்களின் பெயர்களும் அவளுக்குத் தெரியாது. ஃபைலில் ஓர் எண் மட்டும் இருக்கும். அதனால் அவளாகவே பெயர் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மூச்சை இழுத்து விடுகிறவர் பெருமூச்சு டாக்டர். பதிவு செய்யும்போது எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிற பெண்மணி நொறுக்குத்தீனி டாக்டர். அப்புறம் முழங்கால் டாக்டர்.

முழங்கால் டாக்டருக்கு வயது நாற்பதா அறுபதா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. நிதானமாகப் பேசுவார். கடைசியில், எல்லாம் சொல்லி முடித்த பிறகு, பட்டனை அமுக்குவதற்கு முன்னால், "அவ்வளவுதான். எழுதறவங்களுக்கு நன்றி" என்பார். ஆறு வருஷமாக, ஒருநாள்கூட விடாமல். அதை டைப் அடிக்கக் கூடாது. ஆவணத்தில் சேராத பேச்சு. அவளும் அடித்ததில்லை. ஆனால் அந்த இடம் வந்ததும் காலை எடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த ஃபைலுக்குப் போவாள்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. டாக்டர் சொன்னதில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கென்றே ஒவ்வொரு ஃபைலின் கீழும் ஒரு கட்டம் இருக்கும். மற்றவர்கள் ஒரு நாளைக்கு நாலைந்து கேள்வி அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்து போட்டதில்லை. பழைய ஆவணத்தைப் புரட்டுவாள், பத்து தடவை கேட்பாள், முன்னே பின்னே பார்த்து முடிவு செய்வாள். "எழுபத்தொண்ணுக்குப் போச்சுன்னா திரும்பி வராது" என்று அலுவலகத்தில் சொல்வார்களாம். மேலாளர்தான் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை அந்த மேலாளர் போன் செய்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர்; அக்கா என்பார்.

"அக்கா, ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னு நீங்க ஆரம்பிச்சாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது."

"இல்லக்கா, உங்க கம்ப்யூட்டர்ல ஓடுற சிஸ்டம் பழசாயிடுச்சு. அதச் செஞ்ச கம்பெனியே இனிமே பாதுகாப்பு தர மாட்டேன்னு கைய விரிச்சிட்டான். ஆஸ்பத்திரிக்காரங்க அந்த மாதிரி மெஷின உள்ளயே விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயந்திரம்வரைக்கும்தான் டைம்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள புது சிஸ்டத்துல உள்ள வரலேன்னா உங்க நம்பர மூடிடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல. புதுசு வாங்கிடுங்களேன். இல்லேன்னா இலவசமா கிடைக்குதே, லினக்ஸ்னு, அதப் போட்டாலும் பரவாயில்ல. நம்ம வேலைக்கு பிரௌசர் ஓடணும், பெடல் ஓடணும், அவ்ளோதான்."

"போட்டுடறேன்."

"தனியா சமாளிச்சுக்குவீங்களா?"

"பழக்கம்தான்" என்றாள் அவள்.

போனை வைத்த பிறகு மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். ஒன்பது வருஷமாக ஓடுகிறது. ஒருநாள் மக்கர் பண்ணியதில்லை. நன்றாக ஓடுகிற ஒன்றை, அதைச் செய்தவன் கைவிட்டுவிட்டான் என்பதற்காகத் தானும் தூக்கிப் போடுவதா என்று இருந்தது. அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்து, ஒன்றரை வருஷத்தில் பெரிய சண்டை எதுவும் இல்லாமலே நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் சுலபத்தில் தூக்கிப் போடுவதில்லை.

அன்று சாயங்காலமே தேட உட்கார்ந்தாள். லினக்ஸ் என்பது ஒன்று என்று நினைத்திருந்தாள். பார்த்தால் அது ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள். எல்லாம் இலவசம். எல்லாவற்றின் உள்கட்டும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், பங்குபோடலாம். எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்காக ஒருவர் ஒரு பக்கம் வைத்திருந்தார். ஏழெட்டுக் கேள்விக்குப் பதில் சொன்னால், உங்கள் அனுபவத்துக்கு எது பொருத்தம் என்று அதுவே சொல்லிவிடுமாம். புதியவருக்கு ஒரு வகை: போட்ட உடனே எல்லாம் இருக்கும், பழைய வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குக் குடிபோன மாதிரி. கொஞ்சம் பழகியவருக்கு இன்னொரு வகை. அனுபவசாலிக்கு மூன்றாவது: வெறும் மனையும் செங்கலும் கொடுத்து, உங்களுக்கு வேண்டிய மாதிரி நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்கிற வகை.

எத்தனை வருஷமாகக் கணினி பயன்படுத்துகிறீர்கள்? இருபத்திரண்டு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? எட்டு. மவுஸா, கீபோர்டா? கீபோர்டு, அதென்ன கேள்வி. தட்டச்சு வேகம்? அதற்கு இருந்த கட்டங்களில் கடைசிக் கட்டமே அவள் வேகத்துக்குப் போதவில்லை. இந்தத் தேர்வில் அவள் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கேள்வி: கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவீர்கள்? வீட்டில் ஒருவர். நண்பர். கடைக்காரர். யாரையும் இல்லை, நானே பார்த்துக்கொள்வேன்.

முதல் மூன்றையும் ஒரு தடவை படித்துவிட்டு நாலாவதை அமுக்கினாள்.

"வாழ்த்துகள், நீங்கள் அனுபவசாலி" என்றது பக்கம்.

அவளை யாரும் வாழ்த்தி நாளாகியிருந்தது.

சனிக்கிழமை காலை காரியத்தைத் தொடங்கினாள். செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாள். தன்னுடைய சுருக்கச் சொற்கள் பட்டியலைப் பென் டிரைவில் எடுத்து வைத்தாள். இன்னொரு பென் டிரைவில் புது சிஸ்டத்தை இறக்கினாள். பழையதை அழிக்கலாமா என்று பெட்டி கேட்டது. ஆம். நிச்சயமாகவா? நிச்சயமாக. பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்து பெட்டியைத் திரும்பக் கிளப்பினாள்.

கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு, கண் சிமிட்டுகிற மாதிரி மின்னி மின்னி மறைந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இன்னும் ஏதோ வரும் என்று கால் மணி நேரம் காத்திருந்தாள். வரவில்லை. அது அவளுக்காகக் காத்திருந்தது. நிமிஷத்துக்குத் தொண்ணூறு சொல் அடிக்கிற கை அவளுடையது. ஆனால் அங்கே அடிக்க அவளுக்கு ஒரு சொல்கூடத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமும் வேறு யாரோ சொன்னதைத்தான் அடித்திருக்கிறாள். இங்கே சொல்வதற்கு ஆள் இல்லை.

கைப்பேசியை எடுத்து, அந்த சிஸ்டத்தைப் பயன்படுத்துகிறவர்களின் இணையக் கூடத்தில் அனுபவசாலி என்றே பதிந்துகொண்டு கேட்டாள். கறுப்புத் திரைதான் தெரிகிறது, என்ன செய்ய வேண்டும்?

"அப்படித்தான் தெரியும்" என்று ஒருவர் பதில் போட்டார்.

"கையேட்டில் மூன்றாம் அத்தியாயம்" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் கொஞ்சம் நக்கல்காரர். "உங்க பேருக்குக் கீழ அனுபவசாலின்னு போட்டிருக்கே? தெரியாம ஏறிட்டீங்களா?"

யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் திட்டவும் இல்லை. அனுபவசாலிக்குச் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார்கள். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

கையேட்டைப் படிக்காமல் இல்லை. சனி மத்தியானமும் ஞாயிறு காலையும் படித்தாள். ஒரு பக்கம் படித்தால் அதற்கு முன்னால் ஐந்து பக்கம் படித்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கையேட்டைப் பார்த்து ஏதோ அடித்தாள், நெட் வந்தது. அடுத்து ஏதோ அடித்தாள். வந்த நெட் போனது. இதற்கு நடுவே தங்கை வீடியோவில் கூப்பிட்டாள்.

"என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூங்கி எழுந்தேன்."

"மத்தியானம் தூங்குற ஆளா நீ? புது சிஸ்டம்னு சொன்னியே, போட்டாச்சா?"

"ம். போட்டாச்சு."

"ஓடுதா?"

"ஓடுது" என்றாள். திரையில் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல போ. எல்லாத்தையும் நீயே பாத்துக்குவ. எங்க வீட்டுக்காரருக்கு டிவி ரிமோட்ல பேட்டரி மாத்தத் தெரியாது" என்று தங்கை சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு யாரோ கூப்பிட, "ஒரு நிமிஷம்க்கா, வரேன்" என்று போனவள் திரும்பி வர மறந்துவிட்டாள். அவள் கொஞ்ச நேரம் தங்கை வீட்டுக் கூடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தானே துண்டித்தாள்.

திங்கட்கிழமைதான் மோசம். எட்டரைக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கத்தில் ஹெட்போனை மாட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. வீட்டில் இத்தனை சத்தங்கள் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. குளிர்பதனப் பெட்டி இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை முனகியது. பக்கத்து வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "நீதான கடைசியா எடுத்த?" என்றார் அவர். அதற்கு அந்தம்மா சொன்ன பதில் சரியாகக் கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் அவள் இடது கால் தானாகவே பெடலின் ஓரத்தைத் தட்டியது, இரண்டு விநாடி பின்னால் போவதற்கு.

தட்டிய காலை அவள் குனிந்து பார்த்தாள். பிறகு பெடலின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றி, கைப்பையில் போட்டுவிட்டாள். கண்ணில் படாமல் இருக்கட்டும்.

அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை: "பால்", "போதும்". இதே மாதிரி எத்தனையோ வாரம் போயிருக்கிறது. அப்போதெல்லாம் இது தெரிந்ததில்லை. வெள்ளிக்கிழமை நம்பரை மூடிவிட்டால் இனி எல்லா நாளும் இப்படித்தான். வேலை போனால் வேறு வேலை தேடலாம். பெருமூச்சையும் நொறுக்குத்தீனியையும் எங்கே போய்த் தேடுவது? "எழுதறவங்களுக்கு நன்றி" என்று இந்த உலகத்தில் அவளிடம் சொல்கிறவர் ஒருவர்தான், அவருக்கும் அவள் யாரென்று தெரியாது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பால் வாங்கித் திரும்பும் வழியில் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தாள். கசங்கிய தாள், பல மாதமாக அங்கேயே இருந்திருக்க வேண்டும். "இலவச சிஸ்டம் போட உதவி. புதன்கிழமை, பத்து முதல் ஒன்றுவரை, பின்பக்க அறை. பெட்டியைக் கொண்டுவரவும்."

பெட்டியைக் கொண்டுபோவதென்பது சும்மா இல்லை. பழைய போர்வை ஒன்றில் சுற்றி, முடிச்சுப் போட்டு, மூன்று மாடி இறக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்பக்க அறையில் நீள மேஜை. அதன் முனையில் ஒரு பெண்மணி மட்டும் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கைவரை வெயிலில் கறுத்த கைகள்.

"வாங்கக்கா வாங்க. என்ன, காய்ச்சல்காரன் மாதிரி போத்திக் கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

அவள் முடிச்சை அவிழ்த்தாள். "நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கீங்களா?"

"நானா? பஸ் ஓட்டறேன். புதன்கிழமை லீவு. வீட்ல இருந்தா துணி தோய்க்கணும், அதுக்கு இது தேவல" என்றபடி அந்த ஓட்டுநர் பெட்டியை மேஜைமேல் இருந்த திரையோடு இணைத்துக் கிளப்பிப் பார்த்தாள். கறுப்புத் திரையும் மின்னுகிற கோடும் வந்தன. ஓட்டுநர் மெதுவாக விசில் அடித்தாள். "யாருக்கா இத உங்க தலையில கட்டினது?"

"நானேதான். அனுபவசாலின்னு வந்துச்சு." சொல்லும்போதே காது சூடானது. "இருபத்திரண்டு வருஷமா கம்ப்யூட்டர்லதான் இருக்கேன்."

"இருபத்திரண்டு வருஷம் பஸ்ல போனவங்க இருக்காங்க. ஸ்டியரிங்க குடுத்தா ஓட்டுவாங்களா?" கேட்டுவிட்டு ஓட்டுநரே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. நானும் மொதல்ல இதத்தான் போட்டேன், வீம்புக்கு. நாலு நாள் அழுதேன். சரி, இத வச்சு என்ன வேலை பாக்கறீங்க?"

அவள் சொன்னாள். குரல், டைப், பெடல், வெள்ளிக்கிழமை. சொல்லச் சொல்ல வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. நாலு நாளாகச் சேர்ந்திருந்தவை. ஓட்டுநர் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி. இன்னும் ஒரே ஒரு கேள்விதான். கெட்டுப்போனா யார கூப்பிடுவீங்க?"

"நானே பாத்துக்குவேன்."

"அது பதில் இல்லக்கா. நடு ரோட்ல பஸ் நின்னா நானே பாத்துக்குவேன்னு நான் உக்காந்தேன்னா, பின்னாடி நாப்பது பேரு நடந்துதான் போகணும். எனக்கு டிப்போ நம்பர் இருக்கு. உங்களுக்கு யாரு?"

அறைக்கு வெளியே யாரோ செய்தித்தாளை மடித்தார்கள். தங்கையைச் சொல்லலாம். மேலாளரைச் சொல்லலாம். ஆனால் கேட்டவள் அவளுக்கு மார்க் போடுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"யாரும் இல்ல" என்றாள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநர் முகத்தில் பரிதாபம் எதுவும் வரவில்லை. முன்னால் இருந்த கேள்வித்தாளில் ஒரு டிக் போட்டாள்.

"அப்ப உங்களுக்கு முதல் வகைதான். புதியவர் வகை. ஏன்னு சொல்லட்டுமா? சுலபம்கிறதுக்காக மட்டும் இல்ல. ரொம்பப் பேரு வச்சிருக்கறது அதுதான். உங்களுக்கு என்ன சிக்கல் வந்தாலும் உங்களுக்கு முன்னாடியே எவனாவது அதே குழியில விழுந்து, கத்தி, நாலு பேரு வந்து தூக்கி விட்டிருப்பாங்க. அதெல்லாம் எழுதி வச்சிருக்கும். கூப்பிட ஆள் இருக்கறவங்க எத வேணாலும் போட்டுக்கலாம். ஆள் இல்லாதவங்க கூட்டம் இருக்கற பக்கமா போகணும்."

"அப்ப இந்த இருபத்திரண்டு வருஷம்?"

"அதுல எத்தனை தடவ மெஷின் நின்னு போயி, நீங்க கிளப்பினீங்க?"

"ஒரு தடவகூட நின்னதில்ல."

"அதான்" என்றாள் ஓட்டுநர். "நிக்காத வண்டிய ஓட்டினா ஓட்டத்தான் தெரியும்."

இந்தத் தடவை ஓட்டுநர் எதையும் அழிக்க விடவில்லை. பென் டிரைவிலிருந்தே சிஸ்டத்தை ஓடவிட்டு, முதலில் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம் என்றாள். பிடித்தால் பிறகு போட்டுக்கொள்ளலாமாம். படம் வந்தது. நெட் வந்தது. கம்பெனிப் பக்கமும் திறந்தது. அவள் கைப்பையைத் திறந்து, சுற்றி வைத்திருந்த பெடலை எடுத்துச் சொருகினாள். மிதித்தாள். ஒன்றும் இல்லை.

"இது எனக்குத் தெரியாது" என்றாள் ஓட்டுநர் கூசாமல். "எங்க பெடல்லாம் வேற ஜாதி. கேட்டிருக்காங்களான்னு பாருங்க. நீங்களே தேடுங்க, நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

அவள் தேடினாள். புதியவர்கள் கூடத்தில், மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு கேள்வி. "வீட்டிலிருந்து குரல் கேட்டு டைப் அடிக்கிற வேலை. என் பெடலை இந்த சிஸ்டம் கண்டுகொள்ளவில்லை. வேறு யாருக்காவது இது நடந்திருக்கிறதா? நான் இதற்குப் புதுசு." கீழே பதினேழு பதில்கள். பதினொன்றாவது பதிலில் வழி இருந்தது. அதற்குக் கீழே கேள்வி கேட்டவர் எழுதியிருந்தார்: "வேலை செய்கிறது. உங்கள் எல்லோருக்கும் நன்றி. காலையிலிருந்து கால் சும்மாவே இருந்தது, ஒரு மாதிரி ஆகிவிட்டது."

அந்தக் கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். அது யார், எந்த ஊர், எந்த மாடி, ஒன்றும் தெரியாது.

பதினொன்றாவது பதிலில் இருந்ததை அப்படியே அடித்தாள். மிதித்தாள். ஓடியது. காலை எடுத்தாள். நின்றது. ஓட்டுநர் டீயோடு திரும்பி வந்தபோது அவள் மிதிப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

"பிரேக் நல்லா இருக்கா?" என்றாள் ஓட்டுநர்.

புது சிஸ்டத்தைப் பெட்டியிலேயே போட்டு முடித்துக் கிளம்பும்போது ஓட்டுநர் ஒரு சின்ன ஒட்டுத்தாளை எடுத்துப் பெட்டியின் மேல் ஒட்டினாள். அதில் "கெட்டுப்போனால்:" என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் ஒரு வெற்றிடம். ஓட்டுநர் பேனாவால் எழுதினாள்: புதன், 10 – 1.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு எழுபத்தொன்று உள்ளே வந்தது. ஐந்து நிமிஷத்தில் மேலாளர் கூப்பிட்டார்.

"வந்துட்டீங்களாக்கா! மூணு நாளா ஆளையே காணோம். நான்கூட நீங்க விட்டுட்டீங்கன்னு நினைச்சு, உங்க ஃபைலெல்லாம் நாப்பத்திமூணுக்குத் திருப்பிட்டேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. திங்கட்கிழமைலேர்ந்து திரும்ப உங்களுக்கே வரும். இன்னிக்கு மிச்சம் இருக்கறது ஏதாவது இருந்தா அனுப்பறேன். ஆமா, எப்படிக்கா போட்டீங்க? தனியாவா?"

பழக்கம்தான் என்று நாக்கு நுனிவரை வந்தது. "இல்ல. கேட்டுத்தான்" என்றாள்.

பத்து மணிக்கு ஒரே ஒரு ஃபைல் வந்தது. மிதித்தாள். நிதானமான அந்தக் குரல். நோயாளி புதியவர், ஐம்பத்தெட்டு வயது, இடது முழங்காலில் ஒரு வருஷமாக வலி. அவள் விரல்கள் தானாக ஓடின. பிறகு வலது முழங்காலில் வீக்கம். வலது முழங்கால் எக்ஸ்ரே. வலது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை, நாளைக் காலை. அவ்வளவுதான். எழுதறவங்களுக்கு நன்றி.

காலை எடுத்தாள். தண்ணீர் குடிக்கவில்லை.

இடது ஒரு தடவை, வலது மூன்று தடவை. புரட்டிப் பார்க்கப் பழைய ஆவணம் கிடையாது, ஆள் புதுசு. இந்த மாதிரி இடம் இதற்கு முன்னாலும் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வாள். மூன்று தடவை வலது என்றால் வலதுதான். முதலில் சொன்னது வாய் தவறியிருக்கும். தப்பு என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அல்லவா தெரியும் என்று இப்போது தோன்றியது. எழுபத்தொன்றுக்குப் போனால் திரும்பி வராது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வராததெல்லாம் சரியாக இருந்ததால் வரவில்லையா, வர வழி இல்லாததால் வரவில்லையா?

கேள்விக் கட்டத்தில் கோடு ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் பார்த்த அதே மாதிரிக் கோடுதான்.

அடித்தாள். "தொடக்கத்தில் இடது என்றும், பிறகு மூன்று இடங்களில் வலது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எது சரி? எனக்குத் தெரியவில்லை." கடைசி இரண்டு சொல் தேவையில்லை. அழிக்கப் போனாள், அழிக்காமல் அனுப்பினாள்.

அவளுக்குத் தெரிந்தவரை, டைப் அடித்துத்தான் பதில் அனுப்புவார்கள். பதினொன்றே முக்காலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பதினான்கு விநாடி. அவள் ஹெட்போனைச் சரி செய்துகொண்டு மிதித்தாள்.

"இடதுதாங்க. இடது. காலைலேர்ந்து வந்தது எல்லாம் வலது முழங்காலா வந்துச்சு, அந்த வாக்குல வாய்ல வந்துடுச்சு. நீங்க கேட்டீங்களோ பொழச்சேன். நாளைக்குக் காலைல ஆபரேஷன்." ஒரு சின்ன இடைவெளி. பின்னால் யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போகிற சத்தம். "இந்த வாரம் வந்ததெல்லாம் வேற யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. இது பழைய ஆளா?"

பதிவு அங்கே முடிந்தது.

திருத்தினாள். மூன்று வலதையும் இடது ஆக்கினாள். பதில் வந்துவிட்டதால் கேள்விக் கட்டம் மூடியிருந்தது. இன்னொரு சந்தேகம் வந்தால்தான் திறக்கும். அவளுக்கு வேறு சந்தேகம் எதுவும் இல்லை.

குளிர்பதனப் பெட்டி முனகி நின்றது. இடது காலால் ஓரத்தைத் தட்டினாள். இரண்டு விநாடி பின்னால் போனது. இது பழைய ஆளா?

"ஆமா" என்றாள், வாய்விட்டு, வெறும் அறையில். குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒழுங்காக இன்னொரு தடவை சொன்னாள். "ஆமாங்க. பழைய ஆள்தான்."

பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் ஏதாவது ஃபைல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.